தொள்ளாயிரம் மீட்டர் கீழே ஒரு கடல்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பெரிய ஆறுகூட இல்லை. ஆனால் மழை விட்ட அக்டோபரிலிருந்து மே வரைக்கும் எந்த வெள்ளிக்கிழமை இரவிலும் ஆனந்தராவ் சர்க்கிள் பக்கம் போய் நின்று பாருங்கள், இது ஏதோ துறைமுகப்பட்டினம் என்றே நினைப்பீர்கள். முதுகில் பை, பையில் தொங்கும் செருப்பு, கையில் சிப்ஸ் பாக்கெட். கோகர்ணம், முருடேஸ்வரம், உடுப்பி, கார்வார் என்று பலகை மாட்டிய ஸ்லீப்பர் பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும். திங்கள் விடியும்போது அதே பஸ்கள் அதே ஆட்களை மணலோடு கொண்டுவந்து இறக்கும். பத்து மணிக்கு அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள்.

இதற்கும் பேக்பேக்கிங் என்றுதான் பெயர். தாய்லாந்திலோ வியட்நாமிலோ இந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே கையில் காசு குறைவாகவும் நாள் நிறையவும் வைத்திருப்பவர் செய்யும் பயணம் அது. பிடித்த தீவில் நான்கு நாள் கூடத் தங்குவார், பஸ் கிடைக்காவிட்டால் நடப்பார். பெங்களூருக்காரரிடம் நிலைமை தலைகீழ். காசு ஓரளவு இருக்கிறது, நாள் இல்லை. கர்நாடகக் கடற்கரையில் இன்று நல்லதும் கெட்டதுமாக நடக்கும் பலவற்றுக்கு இந்த ஒரு தலைகீழே காரணம் என்பது பல வருடங்களாக அங்கே போய்வரும் என் கணிப்பு.

முதலில் கரையைப் பார்ப்போம். தென்கன்னடம், உடுப்பி, வடகன்னடம் என்று மூன்று மாவட்டங்களில் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளம். மொத்தமாக 'கர்நாடகக் கடற்கரை' என்று சொன்னாலும் இது இரண்டு வேறு கரைகள். மங்களூரிலிருந்து பைந்தூர் வரை பெரும்பாலும் நீண்ட, சமதளமான மணல். இடையிடையே ஆறுகள் வந்து கலக்கும் முகத்துவாரங்கள். மரவந்தேயில் தேசிய நெடுஞ்சாலை 66-க்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு. பட்கல் தாண்டி வடக்கே போகப் போக மலை கடலை நெருங்குகிறது. பாறை மூக்குகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்கள். தெற்கே அலைச்சறுக்கும் வடக்கே மலைநடையும் வளர்ந்ததற்கு நிலத்தின் இந்த அமைப்புதான் காரணம். விளம்பரம் அதற்குப் பிறகு வந்தது.

வந்துசேரும் வழியையும் பயணத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும். கொங்கண் ரயில்பாதை முழுமையாகத் திறந்தது 1998 ஜனவரியில்தான். இன்று ஹொன்னாவரில் சராவதியின் குறுக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலத்தில் ரயில் போகிறது. பெங்களூரிலிருந்து கார்வாருக்குப் போகும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் இரவில் சக்லேஷ்பூர் மலைப்பாதையில் இறங்குகிறது. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் நடுவே 57 குகைகள், 109 பாலங்கள். மீட்டர்கேஜை அகலப்பாதையாக்க 1996-இல் இந்தத் தடத்தை மூடியபோது பெங்களூரின் இளைஞர்கள் தண்டவாளத்தின் மேலேயே நடக்க ஆரம்பித்தார்கள். டோணிகல்லிலிருந்து எடகுமேரி வரை நடந்து, ரயில் நிலையத்தில் படுத்து, மறுநாள் காட்டுக்குள் இறங்கும் அந்த நடை ஒரு தலைமுறையின் முதல் சாகசம். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் அது சட்டவிரோதமானது. பிறகும் கொஞ்சகாலம் நடந்தார்கள் என்பது தனிக்கதை. எனக்குத் தெரிந்து ஐ.டி. பெங்களூரு கூட்டமாக மலையிறங்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

தமிழருக்குக் கோகர்ணம் புதிய ஊரில்லை. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் அது. துளுவ நாட்டில் தேவாரம் பெற்ற ஒரே கோயில். மகாபலேஸ்வரரைக் கும்பிட வந்தவர்கள் நூற்றாண்டுகளாக ஊருக்குள் தங்கினார்கள், கடலில் முழுகினார்கள், திரும்பினார்கள். குன்றுக்கு அப்பாலிருந்த குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்ற கரைகளை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. கோவாவில் கூட்டம் பெருகியபோது அங்கிருந்து தெற்கே நகர்ந்த வெள்ளைக்காரர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ராணுவச் சேவை முடித்து வந்த இஸ்ரேலியர்களுக்காக ஓலைக் குடிசை உணவகங்களில் ஹீப்ரு எழுத்தில் மெனு தொங்கியது. வாழைப்பழ பான்கேக் வந்தது. இப்போது அதே குடிசைகளின் இடத்தில் ஹாஸ்டல்கள். இணைய வேகம் எவ்வளவு என்று வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கோயில் தெருவில் வேட்டியோடு வரிசையில் நிற்பவருக்கும் குட்லேயில் மாலை ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடுபவருக்கும் நடுவே நடந்துபோகிற தூரம்தான். ஆனால் இருவரும் சந்தித்துக்கொள்வதேயில்லை.

இந்தக் கரையில் எனக்குப் பிடித்தது குமட்டாவிலிருந்து கோகர்ணம் வரையிலான நடை. இருபது கிலோமீட்டருக்குமேல் வரும். பெங்களூரின் மலையேற்றக் குழுக்கள் இதை இரண்டு நாளாகப் பிரித்து விற்கின்றன. குமட்டாவில் தொடங்கினால் ஒரு குடா, ஒரு குன்று, மறுபடி ஒரு குடா என்று போகும். குன்றின் மேல் செம்புரைக்கல் வெயிலில் அடுப்புக்கல் மாதிரி சுடும், இறங்கினால் மணல் காலை விழுங்கும். பாடா, காகல் ஊர்களைத் தாண்டினால் பாதை அகநாசினி ஆற்றின் கரையில் முடிந்துவிடும். எதிர்க்கரையில் ததடி துறை. நடுவே ஓடுவது உள்ளூர்க்காரர்கள் 'தாரி' என்கிற கடத்துப் படகு.

முதல் தடவை அங்கே போனபோது படகு அக்கரையில் நின்றது. வழிகாட்டிப் பையனுக்கு அவசரம். மதியத்துக்குள் பாரடைஸ் போனால்தான் மாலை பஸ்ஸுக்கு ஆட்களைச் சேர்க்க முடியும். படகுக்காரருக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. மீன்கூடைப் பெண்கள் நான்கு பேர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. இடுப்பளவு நீரில் ஆணும் பெண்ணும் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அகநாசினி, அணை எதுவும் இல்லாமல் மலையிலிருந்து கடல்வரை ஓடும் ஆறு. அதனால் முகத்துவாரத்தில் உப்பும் இனிப்பும் கலக்கும் கணக்கு இன்னும் கெடாமல் இருக்கிறது. சிப்பியும் அலையாத்தியும், உப்புத் தண்ணீரைத் தாங்கும் 'கக்க' நெல்லும் அந்தக் கணக்கில் வாழ்கின்றன. 2024 ஜனவரி கடைசியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இந்த முகத்துவாரம் சேர்ந்தது. நம் அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டி ஏரியும் அதே அறிவிப்பில்தான் வந்தது. எதிர்க்கரையில் ததடியைக் கடந்து கோகர்ணம் போகும் வழியில் சாணிகட்டா உப்பளங்கள். இரண்டு நாள் பயணத்திட்டங்களில் இந்த ஆற்றுக்கு 'படகில் கடப்பது' என்ற ஒரே வரிதான். படகு தாமதித்ததால் எனக்கு ஆறு கிடைத்தது.

தீவுகளுக்கு வருவோம். 'ஐலண்ட் ஹாப்பிங்' என்ற சொல்லை விளம்பரங்களில் தாராளமாகப் போடுகிறார்கள். அது இங்கே ஒட்டாத சொல். தாய்லாந்தில் தீவு என்றால் ஊர். அங்கே இறங்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். இந்தக் கரையை ஒட்டிய தீவுகளில் பெரும்பாலும் இரவு தங்க வழியில்லை. கார்வார் அருகிலுள்ள அஞ்சதீப் கடற்படையின் கையில். நேத்ராணியில் முக்குளிக்க வருபவர்கள் படகிலிருந்தே கடலில் இறங்கிப் படகுக்கே திரும்புகிறார்கள். மால்பேயிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரி தீவுகளில் மாலைக்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நல்லதுதான் என்பேன்.

செயின்ட் மேரியில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எதன்மேல் நிற்கிறோம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லலாம். அடுக்கிவைத்த தூண்கள் போலத் தெரியும் அந்தக் கற்கள் எரிமலைக் குழம்பு ஆறி, சுருங்கி, ஐந்து, ஆறு பக்கமாக வெடித்து உண்டானவை. வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் உள்ளதுபோன்ற தூண்கள்தான். ஆனால் அங்கே பாறை கறுத்த பசால்ட், இங்கே அதைவிட வெளிறிய வேறு வகை. வயது ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டு. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்து பிரிந்த காலத்தின் வடு அது. அந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள உலகின் புவியியலாளர்கள் இந்தக் கற்களைத் தேடி வந்திருக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவித்திருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்து சிலுவை நட்டு மேரியின் பெயரை வைத்தார் என்று வழக்கிலிருக்கும் கதையைப் படகில் சொல்வார்கள். மடகாஸ்கரைப் பற்றி நான் போன எந்தப் படகிலும் சொல்லிக் கேட்டதில்லை.

முருடேஸ்வரத்திலிருந்து பத்துக் கடல்மைல் அளவில் இருக்கும் நேத்ராணிதான் இந்தக் கரையின் முக்குளிப்புத் தலம். கரையில் 123 அடிச் சிவன், பின்னால் இருபது மாடிக் கோபுரம். படகு ஏறி ஒன்றரை மணி நேரத்தில் செங்குத்தான பாறையும் காடுமாக ஒரு தீவு. கீழே பவளம், கிளிமீன், களவா, அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகுகள். இதே தீவைக் கடற்படை குண்டு வீசிப் பழகும் குறியாகவும் வைத்திருந்தது. சூழலியலாளர்கள் அதை எதிர்த்து வருடக்கணக்காகப் பேசினார்கள். நடிகர் புனீத் ராஜ்குமார் இங்கே முக்குளித்த காட்சி அவர் மறைந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப்பின், 2022 அக்டோபரில் வந்த 'கந்ததகுடி' ஆவணப்படத்தில் இருக்கிறது. அதற்குப்பின் பெங்களூரில் நேத்ராணி தெரியாதவர்கள் குறைந்துபோனார்கள்.

முக்குளிப்பு அனுபவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியாதவரையும் பயிற்றுநர் ஒருவர் கையோடு பிடித்துக் கீழே இறக்குவார். பன்னிரண்டு மீட்டருக்குமேல் ஆழம் போகக் கூடாது. இருபது, முப்பது நிமிடம். தெளிவாக இருந்தால் ஒரு நாள் முழுக்கப் பேசலாம், கலங்கியிருந்தால் பச்சைத் தண்ணீரில் ஒருவர் கையைப் பிடித்துத் தொங்கிய ஞாபகம்தான் மிஞ்சும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பதை மறைக்கக் கூடாது. படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் படகில் வந்து பக்கத்திலிருப்பவரிடம் உண்மையைச் சொல்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அடுத்த வாரம் லீவு கிடைக்காது. அவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் அதுதான்.

அலைச்சறுக்கு இதற்கு நேர் எதிர். அதை ஒரு நாளில் விற்க முடியாது. முல்கியில் அமெரிக்காவிலிருந்து வந்த வைணவத் துறவி ஒருவர் ஆசிரமம் அமைத்து, 2004 வாக்கில் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். இந்தியாவில் இந்த விளையாட்டு வேர்விட்ட இடங்களில் அது முதன்மையானது. காலையில் பஜனை, பிறகு பலகை, சாப்பாடு சைவம். அங்கிருந்து கிளம்பிய ஆர்வம் சசிஹித்லு, பணம்பூர் கரைகளில் தேசியப் போட்டிகள் வரை வந்தது. 2025 ஆகஸ்டில் நம் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் அது முதல் பதக்கம். முல்கிக்குப் போகிறவர் ஒரு வாரமாவது தங்கினால்தான் பலகைமேல் ஒழுங்காக எழுந்து நிற்கப் பழகுவார். முதல் மூன்று நாள் உப்புத்தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ஹொன்னாவரில் சராவதியின் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டலாம், நடைபாலத்தில் நடக்கலாம். கோடி பெங்ரேயில் ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் கடலுமான மணல்நாக்கு. காப்பு கலங்கரை விளக்கம் 1901-இல் கட்டியது, மேலே ஏறலாம். காசர்கோடு (கேரளத்து ஊர் அல்ல, ஹொன்னாவர் பக்கத்தது), படுபித்ரி இரண்டுக்கும் 2020-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மால்பேயில் 2022 மே மாதம் மிதவைப் பாலம் ஒன்றைத் திறந்தார்கள். சில நாளிலேயே கொந்தளித்த கடல் அதைப் பிய்த்துப்போட்டது. மழைக்கு முந்தைய மே மாதத்தில் அந்தக் கடல் எப்படி மாறும் என்று மால்பே மீனவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அங்கிருந்துதான் இந்தக் கட்டுரையின் கனமான பகுதி தொடங்குகிறது. 2022 ஏப்ரலில் செயின்ட் மேரி தீவில் கேரளத்துப் பொறியியல் மாணவர் மூவர் அலையில் போனார்கள். 2024 டிசம்பரில் முருடேஸ்வரத்தில் கோலார் மாவட்டப் பள்ளிச் சிறுமியர் நால்வர். அதன்பிறகு அந்தக் கரையைப் பயணிகளுக்குச் சில காலம் மூடினார்கள். 2019 ஜனவரியில் கார்வார் அருகே கூர்மகட தீவின் நரசிம்மர் திருவிழாவிலிருந்து திரும்பிய படகு கவிழ்ந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது உல்லாசப் பயணிகளின் விபத்தல்ல, பக்தர்களின் விபத்து. காரணம் எங்கும் காணக்கூடியதுதான்: படகு தாங்குவதைவிட அதிகம் பேர்.

நீந்தத் தெரிந்தவர்களும் இந்தக் கரையில் சாவது ஏன்? கரையில் வந்து மோதிய நீர் ஏதோ ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல்திட்டில் இடைவெளி இருக்கும் இடத்தில் அது ஒன்றுசேர்ந்து ஆறுபோல உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் அலை உடைவதில்லை, நுரை இல்லை, நீர் சற்றுக் கறுத்து அமைதியாகத் தெரியும். குளம் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கோலாரிலும் பெங்களூரிலும் சேலத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு இதை எந்தப் பள்ளியும் சொல்லித்தருவதில்லை. கரையில் சிவப்புக்கொடி இருக்கிறது. அதன் பொருள் என்ன என்பதைக் கன்னடம், ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியில் எழுதிவைத்ததை நான் காணவில்லை. வருகிறவர்களில் தமிழரும் தெலுங்கரும் எத்தனையோ.

கடலுக்கென்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தீவுப் படகுகளும் நீர் விளையாட்டுகளும் செப்டம்பர் வரை நிற்கும். தீவுப் படகுகளே போகாத அந்த நாட்களில்தான் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நீண்ட விடுமுறை வருகிறது. பெங்களூரு கிளம்பிவிடுகிறது. உயிர்காப்பாளர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. மழைக்காலத்தில் பயணமும் எளிதல்ல. 2024 ஜூலையில் அங்கோலா அருகே சிரூரில் நெடுஞ்சாலைமேல் மலை சரிந்து இறந்தவர்களில் நம் ஊர் டேங்கர் லாரி ஓட்டுநர்களும் இருந்தார்கள்.

அந்த மாதங்களில் கடல் வேண்டுமென்றால் கிழக்கே திரும்பலாம். தமிழ்நாட்டுக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. மேற்கு மூடும்போது கிழக்கு திறக்கிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலை நன்றாக வரும் பருவம் அது. இலங்கையின் கிழக்குக் கரையிலும் அப்படியே. அறுகம்பேயின் அலைச்சறுக்கும் திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் பவளமும் நம் தென்மேற்குப் பருவமழை நாட்களில்தான் களைகட்டும். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் உண்டு. தீவில் தங்குவதுதான் ஆசை என்றால் அந்தமான் இருக்கிறது. லட்சத்தீவை நினைப்பவர்கள் முதலில் அனுமதிச் சீட்டைப் பற்றி விசாரிக்கட்டும்.

கர்நாடகக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கூட்டத்தால் என்ன? மொகவீரர், கார்வி, ஹரிகந்த்ர ஆகிய மீனவச் சமூகங்களின் வாழ்வு இந்தக் கரைதான். ஊரே கூடி இழுத்த ரம்பணி என்ற கரைவலை, 1970-களின் கடைசியில் சுருக்குவலைப் படகுகள் வந்தபின் ஒடுங்கியது. வலை இழுத்த மணலில் இப்போது சாய்வுநாற்காலி. சில வீடுகள் அறை வாடகைக்கு விட்டு நன்றாகவே இருக்கின்றன. படகோட்டிகளுக்கு மீனைவிட ஆள் ஏற்றுவது நிச்சயமான வருமானம். ஆனால் எல்லாமே சனி, ஞாயிறில் குவிகிறது. செவ்வாய்க்கிழமை குட்லேயில் நாய்களும் நானும்தான். இரண்டு நாளில் ஏழு நாள் சம்பாத்தியத்தைத் தேற்ற வேண்டியிருப்பதால் படகில் கூடுதலாக இருவரை ஏற்றுவதும், கலங்கிய கடலில் முக்குளிக்க இறக்குவதும் நடக்கிறது. கூட்டம் குறையட்டும் என்று சுற்றுலாத் துறையிடம் கேட்பவர்கள், கூட்டம் வாரம் முழுக்கப் பரவட்டும் என்று கேட்டால் மீனவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

பெங்களூரிலிருந்து போகிறவருக்கு என் யோசனை இது. வார இறுதியை விட்டுவிட்டு ஞாயிறு இரவு ரயில் ஏறி, வெள்ளி இரவு திரும்புங்கள். மங்களூருக்கும் மட்காவுக்கும் நடுவே ஓடும் பாசஞ்சர் ரயிலில் ஊர் ஊராக இறங்கி ஏறலாம். எந்த ஸ்லீப்பர் பஸ்ஸிலும் தெரியாத ஆற்றுவாய்கள் ஜன்னலில் வரும். முக்குளிப்பதாக இருந்தால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அழுத்தத்தில் உடம்பு உறிஞ்சிய நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் உயரம் ஏறினால் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒருமுறை முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் 12 மணி நேரம், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்புக்கான 'டான்' அமைப்பின் பரிந்துரை. அது 600 மீட்டருக்கு மேற்பட்ட கேபின் உயரத்துக்குச் சொன்னது. பெங்களூரு 900 மீட்டரில் இருக்கிறது. வீடு திரும்பும் பஸ்ஸும் ஒரு வகையில் விமானம்தான். ஆழம் குறைந்த அரைமணி முக்குளிப்பில் ஆபத்து சிறிது என்பார்கள், உண்மைதான். இருந்தாலும் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு நீரிலிருந்து ஏறி, ஆறு மணிக்கு பஸ் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் மலையேறுகிறவரை முருடேஸ்வரம் பஸ் நிலையத்தில் எப்போதும் பார்க்கலாம். தலையில் இன்னும் ஈரம் காய்ந்திருக்காது.